ஆளும் திறமை பிறப்பிலா, பயிற்சியிலா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

முன்னுரை

வீட்டை நடத்தும் பெண்ணை 'இல்லத்தரசி' என்று போற்றுகிறோம். பத்துப் பேர் உண்ணும் வீட்டில் வரவுக்குள் செலவை அடக்குவதும், யாருக்கு எந்த வேலை ஏற்றது என்று பார்த்துக் கொடுப்பதும், சண்டை வந்தால் தீர்த்து வைப்பதும் அவள் பொறுப்பு. ஆனால், அதே பெண் ஓர் அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலதிகாரியாகி விட்டால், "பெண்ணுக்குக் கீழே வேலை பார்ப்பதா?" என்று முணுமுணுப்பு எழுகிறது. 'பெண்புத்தி பின்புத்தி' என்ற பழமொழியும் துணைக்கு வந்து விடுகிறது.

மற்றொரு புறம், "பெண்கள் தாயன்போடு நிர்வாகம் செய்வார்கள், ஆண்களைவிட அவர்களே மேல்" என்று புகழ்பவர்களும் இருக்கிறார்கள். இகழ்ச்சி, புகழ்ச்சி ஆகிய இவ்விரண்டில் எது உண்மை? ஆடவரும் மகளிரும் நிர்வகிக்கும் முறையில் வேறுபாடு உண்டா? உண்டென்றால் அது பிறப்பால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா? பயிற்சியால் அதை மாற்ற முடியுமா? இவ்வினாக்களுக்கு அறிஞர்கள் கண்ட விடைகளைத் தோழியரோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலாண்மை என்பது யாது?

பிறரைக் கொண்டு ஒரு செயலைச் செம்மையாக முடிப்பதே மேலாண்மை. திட்டமிடுதல், வேலையைப் பங்கிடுதல், கற்றுக்கொடுத்தல், ஊக்குவித்தல், கண்காணித்தல், பிணக்குகளைத் தீர்த்தல் ஆகியவை அதன் கூறுகள். இவற்றைச் செய்யும் முறை ஆளுக்கு ஆள் வேறுபடும். 'அடியாத மாடு படியாது' என்று நம்புபவர் ஒரு வகை. உடன் பணிபுரிவோரைக் கலந்து பேசி முடிவெடுப்பவர் மற்றொரு வகை. முதல் முறையை அதிகார முறை என்றும், இரண்டாவதை மக்களாட்சி முறை என்றும் அறிஞர்கள் அழைத்தனர்.

இவ்விரு முறைகளையும் 1938, 1939-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகிய மூவரும் சோதித்துப் பார்த்தனர். பத்து வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்தல் போன்ற கைவேலைகளைக் கொடுத்தனர். ஒரு குழுவின் தலைவர் கட்டளை மட்டுமே இட்டார். மற்றொரு குழுவின் தலைவர் சிறுவர்களோடு கலந்து பேசி வேலையை நடத்தினார். முடிவு என்ன தெரியுமா? கட்டளைக் குழுவினர் தலைவர் அருகில் இருந்தவரை நன்றாக வேலை செய்தனர். அவர் வெளியே சென்றதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசிய குழுவிலோ தலைவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. ஆசிரியை வெளியே சென்றதும் சந்தைக்கடையாகும் வகுப்பையும், அமைதியாகத் தொடரும் வகுப்பையும் பார்த்திருக்கும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இச்சோதனையில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. தலைவர்கள் குழுவிட்டுக் குழு மாறினர். ஒரு குழுவில் அதிகார முறையைக் கையாண்டவரே அடுத்த குழுவில் மக்களாட்சி முறையைக் கையாண்டார். ஆகவே, நிர்வாக முறை என்பது கண்ணின் நிறத்தைப் போல உடன் பிறந்தது அன்று. தேவைக்கேற்ப மேற்கொள்ளக் கூடியது; ஆகையால் கற்றுக்கொள்ளவும் கூடியது.

வழிகாட்டிய இரு பெண்மணிகள்

மேலாண்மைக் கலை ஆண்களின் கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் தொடக்க காலத்திலேயே இரு பெண்மணிகளின் பெயர்கள் ஒளிவிடுகின்றன.

முதலாமவர் அமெரிக்காவில் பிறந்த மேரி பார்க்கர் ஃபாலெட் (1868–1933). ஒருவர்மேல் ஒருவர் செலுத்தும் அதிகாரம் வேறு, ஒருவரோடு ஒருவர் சேர்ந்து உண்டாக்கும் ஆற்றல் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பிணக்கைத் தீர்ப்பதற்கு அவர் கூறிய எடுத்துக்காட்டு மிக எளியது. நூலகத்தின் சிறு அறை ஒன்றில் ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். ஃபாலெட் மூடியிருக்கவே விரும்பினார். சண்டையிட்டால் ஒருவர் தோற்பார். பாதி திறந்தால் இருவருக்கும் குறை. காரணத்தைக் கேட்டபோது, ஒருவருக்குத் தேவை காற்று. மற்றவருக்குத் தேவை வாடைக் காற்று நேரே மேலே படாமல் இருப்பது. எனவே, யாரும் இல்லாத அடுத்த அறையின் சன்னலைத் திறந்தார்கள். இருவருக்கும் வேண்டியது கிடைத்தது! 'யார் சொல்வது நடக்க வேண்டும்?' என்று கேளாமல், 'சூழ்நிலை எதைக் கேட்கிறது?' என்று பார்க்கச் சொன்னவர் ஃபாலெட்.

இரண்டாமவர் லில்லியன் கில்பிரெத் (1878–1972). பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்ற தாய். மேலாண்மையின் உளவியல் பற்றி அவர் எழுதிய நூல் 1914-இல் வெளிவந்தபோது, எழுதியவர் பெண் என்று தெரியாதவாறு பெயரின் முதலெழுத்துக்களே அச்சிடப்பட்டன. 1924-இல் கணவர் ஃபிராங்க் இறந்தார். இருவரும் சேர்ந்தே செய்து வந்த தொழிலாக இருந்தும், ஒரு பெண்ணிடம் ஆலோசனை கேட்கப் பல நிறுவனங்கள் தயங்கின. அவர் மனம் தளரவில்லை. தம் வீட்டிலேயே வகுப்புகள் தொடங்கி, தொழிற்சாலை மேலாளர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஆலைக்குள் அழைக்கத் தயங்கிய தொழிலுலகம், அவர் வீட்டுக்கே வந்து பாடம் கேட்டது! 1935-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும் அவருடைய சிந்தனையில் உதித்ததே.

ஆய்வுகள் கூறுவது என்ன?

பெண்கள் அதிகாரியானால் வேறு விதமாக நடந்து கொள்வார்களா? 1990-இல் ஜூடி ரோசனர் என்ற பேராசிரியை, உயர்பதவியிலுள்ள பெண்களைக் கேட்டறிந்து ஒரு கட்டுரை எழுதினார். செய்தியைப் பகிர்தல், பிறரை முடிவில் பங்கேற்கச் செய்தல், பணியாளரின் தன்மதிப்பை உயர்த்துதல் ஆகியவற்றைப் பெண்கள் மிகுதியாகச் செய்கிறார்கள் என்பது அவர் கருத்து.

அதே 1990-இல் ஆலிஸ் ஈக்லி, பிளேர் ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 162 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டனர். பெண்கள் ஆண்களைவிடச் சற்றே கூடுதலாகக் கலந்து பேசி முடிவெடுக்கிறார்கள் என்பது தெரிய வந்தது. 'ஆண் வேலையைப் பார்ப்பான், பெண் மனத்தைப் பார்ப்பாள்' என்ற பொதுக்கருத்தோ உண்மையான அலுவலகங்களில் மெய்ப்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் திடீரென்று தலைவராக்கப்பட்டவர்களிடம் அந்த வேறுபாடு தென்பட்டது. பதவிக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அப்பதவியில் பழகிய மேலாளர்களிடம் அது தென்படவில்லை. ஈக்லியும் வேறு இருவரும் 2003-இல் 45 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. பெண்கள் ஊக்குவிப்பதிலும் பாராட்டுவதிலும் சற்று முன்னே நின்றனர். தவறு நேரும்வரை காத்திருந்து பின் தலையிடும் பழக்கம் ஆண்களிடம் சற்று மிகுதியாக இருந்தது.

இவையெல்லாம் சராசரிக் கணக்குகள் என்பதை நாம் மறக்கலாகாது. வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், அதைக் கொண்டு ஒரு மாணவியின் மதிப்பெண்ணைச் சொல்லிவிட முடியுமா? அதுபோலவே, கலந்து பேசும் ஆண் அதிகாரிகளும், கட்டளையிடும் பெண் அதிகாரிகளும் ஏராளம்.

"பெண் அதிகாரிகள் மிகவும் கெடுபிடி செய்வார்கள்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் குறை. இதற்கு ரோசபெத் மாஸ் கேன்டர் 1977-இல் வெளியிட்ட நூலில் விடை கூறினார். பொறுப்பைக் கொடுத்து அதற்குரிய அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால், ஆணாயினும் பெண்ணாயினும் விதிகளை இறுகப் பிடித்துக் கொள்வார்கள். அதிகாரக் குறைவு தரும் கெடுபிடியை நாம் பெண்மையின் குணம் என்று தவறாக எண்ணி விடுகிறோம். நூறு ஆண்களிடையே ஒரே ஒரு பெண் இருந்தால் அவள் செய்யும் ஒவ்வொரு செயலும் பெரிதாகத் தெரியும் என்றும் அவர் காட்டினார். ஆண் ஒருவர் தவறு செய்தால் அது அவருடைய தவறு. பெண் ஒருத்தி தவறு செய்தால் அது பெண்குலத்தின் தவறாகி விடுகிறது.

ஒரே செயல், இரு பெயர்கள்

நடத்தையில் வேறுபாடு சிறிது. அதைப் பார்க்கும் கண்ணில்தான் வேறுபாடு பெரிது. விர்ஜீனியா ஷைன் என்ற உளவியல் அறிஞர் 1973-இல் ஆண் மேலாளர்களிடமும், 1975-இல் பெண் மேலாளர்களிடமும் ஒரு சோதனை நடத்தினார். ஆண், பெண், நல்ல மேலாளர் ஆகியோரின் குணங்களைத் தனித்தனியே குறிக்கச் சொன்னார். 'நல்ல மேலாளர்' என்பவரின் குணங்கள் 'ஆணின்' குணங்களாகவே அமைந்தன. பெண் மேலாளர்களும் அவ்வாறே குறித்தனர் என்பதுதான் வியப்பு!

இதனால் நேரும் இடர் யாது? ஆண் உறுதியாகப் பேசினால் 'திறமைசாலி'. பெண் உறுதியாகப் பேசினால் 'அடங்காப்பிடாரி'. பெண் மென்மையாகப் பேசினால் 'நல்லவள், ஆனால் நிர்வாகத்துக்கு ஏற்றவள் அல்லள்'. ஆண் மென்மையாகப் பேசினாலும் அவருக்குக் 'கையாலாகாதவர்' என்ற பட்டம் கிடைக்கிறது.

ஆன் ஹாப்கின்ஸ் என்பவரின் வழக்கு இதற்குத் தக்க சான்று. அவர் அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்னும் கணக்கியல் நிறுவனத்தில் பணியாற்றினார். 1982-இல் பங்குதாரர் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். அப்போதிருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் எழுவர் மட்டுமே. பெரும் ஒப்பந்தம் ஒன்றைப் பெற்றுத் தந்தவராயினும் அவருக்குப் பதவி கிடைக்கவில்லை. பெண்மையோடு நடக்க வேண்டும், பேச வேண்டும், உடுத்த வேண்டும், முகப்பூச்சும் நகையும் அணிய வேண்டும் என்று அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. நளினம் கற்பிக்கும் பள்ளியில் சேரலாம் என்றும் ஒருவர் எழுதினார்.

தோழியரே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கணக்கியலிலோ நிர்வாகத்திலோ பயிற்சி வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. நடக்கவும் உடுக்கவும் பயிற்சி வேண்டும் என்றார்கள்! ஹாப்கின்ஸ் வழக்குத் தொடர்ந்தார். 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய முன்முடிவுகளைக் கொண்டு ஒருவரின் பதவியைத் தீர்மானிப்பது சட்டத்துக்கு மாறானது என்று கருதியது. பின்னர் அவர் அதே நிறுவனத்தில் பங்குதாரராகவே பணிக்குத் திரும்பினார்.

பயிற்சியின் பயன்

நல்ல மேலாளரைப் பயிற்சியால் உருவாக்க முடியுமா? முடியும் என்பதற்குப் போர்க்காலச் சான்று ஒன்று உள்ளது. 1940 முதல் 1945 வரை அமெரிக்க அரசு தொழிலகப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தியது. ஆண்கள் போருக்குச் சென்றதால் ஆலைகளுக்குப் புதியவர்கள் வந்தனர். அவர்களுள் பெண்களும் மிகப் பலர். அவர்களை வழிநடத்தும் மேற்பார்வையாளர்களுக்குப் பத்து மணி நேர வகுப்புகள் நடந்தன. 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றனர்.

வேலையைக் கற்பிக்க நான்கு படிகள் வகுக்கப்பட்டன:

1. கற்பவரின் அச்சம் போக்கி, அவரைத் தயார் செய்தல்.
2. வேலையைச் செய்து காட்டி விளக்குதல்.
3. அவரையே செய்யச் சொல்லித் திருத்துதல்.
4. தனியே விட்டபின் அவ்வப்போது சென்று பார்த்தல்.

கற்பவர் கற்கவில்லையென்றால் கற்பித்தவர் சரியாகக் கற்பிக்கவில்லை என்பதே அத்திட்டத்தின் கொள்கை.

பணியாளரோடு நல்லுறவு கொள்ளவும் நான்கு நெறிகள் கூறப்பட்டன. ஒருவர் எவ்வாறு வேலை செய்கிறார் என்பதை அவருக்கே தெரிவித்தல். பாராட்ட வேண்டியபோது பாராட்டுதல். அவரைப் பாதிக்கும் மாற்றங்களை முன்கூட்டியே சொல்லுதல். ஒவ்வொருவரின் திறமையையும் முழுமையாகப் பயன்படுத்துதல்.

இந்நான்கையும் மறுபடி படியுங்கள். இவற்றைத்தானே இன்று பலர் 'பெண்களின் நிர்வாக முறை' என்கிறார்கள்! இவை இரும்பாலைகளின் மேற்பார்வையாளர்களுக்குப் பத்தே மணி நேரத்தில் கற்பிக்கப்பட்டவை. ஆண்களால் கற்றுக்கொள்ள முடிந்த ஒன்றைப் பெண்களின் பிறவிக் குணம் என்று எவ்வாறு கூறுவது?

பயிற்சியின் வாசலில் யார்?

பயிற்சியே திறமையைத் தருகிறது என்றால், பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது என்பதே முதன்மையான வினா. உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டு வணிகப் பள்ளி 1908-இல் தொடங்கியது. அதன் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் பெண்கள் முதலாண்டிலேயே சேர அனுமதிக்கப்பட்டது 1963-இல்தான். அவ்வாண்டு சேர்ந்தவர்கள் எட்டுப் பேர்.

இது தொலைதூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். என் அத்தை ஓர் அலுவலகத்தில் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறார். மேற்பார்வையாளர்களுக்கு வெளியூரில் பத்து நாள் பயிற்சி உண்டு. அதை முடித்தவர்களுக்கே அடுத்த பதவி உயர்வில் முன்னுரிமை. இரண்டு ஆண்டுகள் அத்தையின் பெயர் பட்டியலில் இல்லை. காரணம் கேட்டபோது, "உங்களுக்குச் சிறு குழந்தைகள் இருக்கிறார்களே, உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்றுதான் சேர்க்கவில்லை அம்மா" என்று அதிகாரி கனிவோடு கூறினாராம். அவர் கெட்டவர் அல்லர். ஆனால், "போகிறீர்களா?" என்று அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறு குழந்தைகள் உள்ள ஆண்களின் பெயர்களோ பட்டியலில் இருந்தன. மூன்றாம் ஆண்டு அத்தை தாமே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். பாட்டி குழந்தைகளைப் பார்த்துக் கொண்டார். அத்தை பயிற்சிக்குச் சென்று வந்தார். ஆனால், அவருக்குப் பின் சேர்ந்த இருவர் அதற்குள் அவரைக் கடந்து மேலே சென்று விட்டனர். இரக்கம்கூடச் சில வேளைகளில் வாசலை அடைத்து விடுகிறது!

நம் நாட்டின் சான்றுகள்

1959-ஆம் ஆண்டு மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே பின்னர் 'லிஜ்ஜத் அப்பளம்' என்ற பெரும் கூட்டுறவாக வளர்ந்து, பல்லாயிரம் பெண்களுக்கு வாழ்வளித்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் அதன் உரிமையாளர். அப்பளம் இட்ட கைகளே கிளைகளையும் கணக்கையும் தரத்தையும் கவனிக்கப் பழகின. ஜஸ்வந்திபென் போபட் என்ற அதன் நிறுவனருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம், ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களையும் தலைவர் பதவிகளையும் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்கள் தலைவரான ஊராட்சிகளில் குடிநீர்ப் பணிகளுக்குக் கூடுதல் கவனம் கிடைத்ததைக் காட்டியது. குடம் சுமந்தவருக்குத் தானே தண்ணீரின் அருமை தெரியும்? இங்கே வேறுபாட்டைத் தந்தது வாழ்க்கை அனுபவம். ஆகவே, நிர்வாகத்தில் இரு பாலாரும் இருந்தால் இரு வகை அனுபவமும் சபை ஏறும்.

எத்தகைய பயிற்சி வேண்டும்?

'பெண்களுக்கு ஆண்களைப் போல நடக்கக் கற்றுக்கொடுங்கள்' என்பது தீர்வாகாது. 'பெண்கள் அன்பானவர்கள், ஆகவே அவர்களுக்கு அன்பு காட்டும் வேலைகளை மட்டும் கொடுங்கள்' என்பதும் பூவால் கட்டிய வேலியே. பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும்போது தகுதியைப் பார்க்க வேண்டும். குடும்ப நிலையைப் பற்றி அதிகாரி தாமே முடிவு செய்யாமல் உரியவரிடம் கேட்க வேண்டும். இரு பாலாரும் ஒரே வகுப்பில் அமர வேண்டும். உறுதியாகப் பேசுதல், பொறுமையாகக் கேட்டல் ஆகிய இரண்டையும் இருவருக்கும் கற்பிக்க வேண்டும். பிறரை மதிப்பிடும்போது, 'இதையே ஓர் ஆண் செய்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்?' என்று கேட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் அங்கே வளர்க்க வேண்டும். பயிற்சி முடிந்தபின், கற்றதைச் செய்து பார்க்க உண்மையான பொறுப்பும் அதிகாரமும் தர வேண்டும்.

முடிவுரை

ஆணும் பெண்ணும் நிர்வகிக்கும் முறையில் வேறுபாடு சிறிதளவே. அவ்வேறுபாட்டைப் பற்றி உலகம் கொண்டுள்ள கருத்தோ மலையளவு. நல்ல நிர்வாகம் என்பது கற்றுக்கொள்ளும் கலை. கற்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்கே அது கைவரும்.

தோழியரே, பத்தாம் வகுப்பை முடித்து நாம் பல திசைகளிலும் செல்லப் போகிறோம். பயிற்சிப் பட்டியல் ஒன்று சுற்றுக்கு வரும்போது, நம் பெயரை யாராவது எழுதுவார்கள் என்று காத்திராமல் நாமே எழுதிக் கொடுப்போம். நம்முள் ஒருத்தி என்றேனும் அப்பட்டியலைத் தயாரிக்கும் நாற்காலியில் அமரலாம். அன்று அவள் எவர் பெயரையும் அவரைக் கேளாமல் விட்டுவிடாதிருப்பாளாக!